கடனில் வாங்கிய குதிரை

ஹார்லன் பீஸ்லியின் தலையில் முடி என்று சொல்லத்தக்கது இரண்டு காதுகளுக்கு மேலே மட்டும்தான். அதை வெட்டிக்கொள்ள அவர் சனிக்கிழமை தவறாமல் ஓடெட் பெல்ரோஸ் வீட்டுக்குப் போகிறார். போவது முடிக்காக அல்ல என்பது வெஸ்ட் டன்ஃபீல்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடெட்டுக்கும் தெரியும். தெரியாதது ஹார்லனுக்கு மட்டும்தான் என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவருடைய எதிர்வீட்டுக்காரி. என் சமையலறை ஜன்னல் அவர் வாசலைப் பார்த்து இருப்பது வீட்டைக் கட்டியவனின் குற்றம், என் குற்றமில்லை.

கடன் என்றாலே ஹார்லனுக்கு ஆகாது. சொந்தக் கடன், ஊர்க் கடன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கடன் எதுவுமே ஆகாது. போன ஜனவரியில் அவருடைய மண்வெட்டி உடைந்துபோய், வண்டி பனிக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது. நான் இரக்கப்பட்டு என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். "வேணாம்மா, எனக்கு இரவல் வாங்கிப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு, ரொட்டி சுடும் தகரத் தட்டை எடுத்துவந்து பனியை வார ஆரம்பித்தார். எனக்கு அன்று நிறைய வேலை இருந்தது. இருந்தாலும் கடைசிவரை நின்று பார்த்தேன்.

மார்ச் மாதம் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் வருடாவருடம் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவருவார். பத்து வருடத்துக்கு ஊர் எதற்கும் கடன் வாங்கக் கூடாது. வருடாவருடம் அது தோற்கும். தோற்றாலும் அவர் பேச்சு நன்றாக இருக்கும். நாலே வாக்கியம்தான் பேசுவார். அதற்கே புதுத் தீயணைப்பு வண்டிக்கு ஆசைப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் தீர்மானம் ஜெயித்ததில்லையே தவிர, அவர் பேசியபின் எந்தக் கடனும் ஜெயித்ததில்லை. கடனுக்கு ஐந்தில் மூன்று பங்கு பேர் ஆம் என்று எழுதவேண்டும் என்பது சட்டம். ஹார்லன் வாயைத் திறந்தால் அது பாதியாகிவிடும்.

இந்தத் தடவை அந்தத் தீர்மானத்துக்கான மனுவைச் செப்டம்பரிலேயே தயார் செய்து, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார். அவர் என் வாசலை விட்டுப் போனால் போதும் என்று நானும் போட்டேன். நவம்பரில் மாநிலத்து இன்ஜினீயர் ஒருவர் வந்து, ஆட்டர் ஓடைப் பாலத்தின் அடியில் குனிந்து பார்த்தார், ஏதோ ஒரு இடத்தில் விரலால் குத்தினார், விரல் உள்ளே போயிற்று. அன்று மாலையே பாலத்தை மூடிவிட்டார்கள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் ஓடெட் வீடு. அந்த வீட்டுச் சமையலறையில்தான் அவள் முடிவெட்டும் கடை. இப்போது அங்கே போகப் பதினான்கு மைல் சுற்றவேண்டும். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பக்கத்து ஊரில் வெட்டிக்கொண்டு, அது சரியில்லை என்று தொப்பி போட்டுத் திரிந்தார்கள். சுற்றிக்கொண்டு விடாமல் போனது நானும் ஹார்லனும்தான். நான் சமாச்சாரத்துக்காகப் போனேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஹார்லன் உள்ளே வந்தார். ஓடெட் கத்தரிக்கோலை நிறுத்தாமலே பேசினாள்.

"பாலத்துக்குக் கடன் கிடைக்காட்டி மே மாசம் கடைய மூடறேன். ஃப்ளோரிடாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

ஹார்லன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "ஃப்ளோரிடாவுல முதலை இருக்கு" என்றார்.

"இங்க நீ இருக்க."

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது.

"நான் பொறந்ததுலேர்ந்து ஒரு கடனுக்கும் ஆம்னு எழுதினதில்ல, ஓடெட்."

"எனக்குத் தெரியாதா? நான் உன்கிட்ட ஓட்டு கேக்கல. ஆனா கூட்டத்துல பாத்துக்கிட்டு இருப்பேன். உக்காரு, இவளுக்கு முடியட்டும்."

திரும்பி வரும்போது நான் என் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "அந்த மனுவ வாபஸ் வாங்கிடேன் ஹார்லன், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றேன். "க்ளைட் சொல்லுவான்" என்றார். அது உண்மைதான். க்ளைட் ஸ்டிக்னியும் அவன் ஆட்களும் மலைமேல் இருப்பவர்கள். ஊருக்குள் எது உடைந்தாலும் அவர்களுக்கு நிம்மதி. ஹார்லன் எப்படி ஓட்டுப் போடுகிறாரோ அப்படியே போடுவார்கள். யோசிக்கிற வேலையை ஹார்லனிடம் ஒப்படைத்துப் பல காலம் ஆயிற்று.

கூட்டத்தன்று பள்ளிக்கூடத்து விளையாட்டுக்கூடம் நிரம்பி வழிந்தது. ஈரக் கோட்டும் காப்பியும் கலந்த நாற்றம். ஒரு ஓரத்தில் தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்கும் பலகார மேஜை. அங்கே ஓடெட் நின்றுகொண்டு ஆப்பிள் பை என்ற வட்டப் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் க்ளைட் கோஷ்டி, கையைக் கட்டிக்கொண்டு.

கூட்டத் தலைவி ப்ரூ விட்கம் முதலில் பாலத்தை எடுத்தாள். எல்லோரும் ஹார்லனைப் பார்த்தார்கள். ஹார்லன் தன் தொப்பியைப் பார்த்தார். எழுந்து பேசவில்லை. க்ளைட் முன்னால் குனிந்து, "என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"என் தீர்மானம் அடுத்தது. அதுல பேசறேன்."

"அதானே பாத்தேன்!" என்று க்ளைட் சாய்ந்து உட்கார்ந்தான்.

கடன் என்றால் கை தூக்கித் தீர்க்க முடியாது. சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். பெட்டி ஒரு மணி நேரம் திறந்திருக்கவேண்டும். அதுவரைக்கும் ஊர் சும்மா உட்கார்ந்திருக்காது, அடுத்த விஷயத்தைப் பேச ஆரம்பித்துவிடும். முன்வரிசைக்காரர்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். பாலத்தால் அவதிப்பட்டவர்கள் எல்லாம் அவர்கள்தான். தொப்பி போட்ட பெண்களும் அங்கேதான் நின்றார்கள். க்ளைட் கோஷ்டி எழவில்லை. வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பிடிக்காது. கூட்டம் குறையட்டும், ஹார்லன் முதலில் போடட்டும் என்று காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வரிசையே இல்லை.

க்ளைட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப்போன அந்தச் சமயம் பார்த்து ஹார்லன் எழுந்தார்.

"தலைவரம்மா, என் தீர்மானத்தப் பத்திப் பேச விரும்பறேன்."

க்ளைட் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். உட்காரத்தான் வேண்டும். ஏனென்றால் இந்த ஊரில் ஒரு விதி இருக்கிறது. கடனைப் பற்றி ஒருவர் பேசும்போது யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்தவரே ஹார்லன்தான். முன்பு ஒருமுறை அவர் பேசும்போது பாதிக் கூட்டம் எழுந்து பலகார மேஜைக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தில் கொண்டுவந்தார். அவரோடு வாதாடுவதைவிடக் கை தூக்குவது சுலபம் என்று ஊரும் கை தூக்கியது.

நாலு வாக்கியம் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஹார்லன் மூக்குக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மறுபடி சட்டைப்பையிலேயே வைத்தார்.

"இந்த ஊர் மொதல் மொதல்ல கடன் வாங்கினது ஒரு குதிரைக்கு" என்று ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் பனியை அழுத்தும் உருளையை இழுக்க ஊர் கடன் வாங்கி ஒரு குதிரை வாங்கியதாம். குதிரையின் பெயர் ஜெனரல். பழுப்பு நிறம், இடது பின்னங்காலில் வெள்ளை. அதை யார் விற்றார், அவருடைய மாமனார் யார், மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏன் பேச்சில்லை என்று போய்க்கொண்டே இருந்தது. குதிரையின் பல்லைப் பற்றி மட்டும் ஒரு காப்பி ஆறும் நேரம் பேசினார். பிறகு அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதைப் பலகாரம் விற்கும் இடத்தில் அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பின்வரிசையில் முதலில் சிரித்தார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். க்ளைட் மெதுவாக எழுந்தான்.

"க்ளைட், உக்காரு" என்றார் ஹார்லன். "நான் கடனப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"நீ குதிரையப் பத்திப் பேசற!"

"கடன்ல வாங்கின குதிரை."

க்ளைட் ப்ரூவைப் பார்த்தான். "தலைவரம்மா, இது நியாயமா? நாங்க இன்னும் ஓட்டே போடலம்மா!"

ப்ரூ விதிகள் இருந்த காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் படித்தாள். "விதி விதிதான், க்ளைட். இந்த விதிக்கு நீதான மொதல்ல கை தூக்கின? ஹார்லன், நீங்க சொல்லுங்க. குதிரைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"நல்ல கேள்வி" என்றார் ஹார்லன்.

நான் பலகார மேஜையைப் பார்த்தேன். ஓடெட் ஆப்பிள் பையைப் பாதி வெட்டியபடி கத்தியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. ஹார்லனின் முகத்தில் வியர்வை. சட்டை கழுத்தில் ஒட்டியிருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட வளவளவென்று பேசாத மனிதர், ஊர் முழுக்கப் பார்க்க, தன் பேச்சைத் தானே கொன்றுகொண்டிருந்தார். குதிரை செத்தது. புதைக்க மண் உறைந்திருந்தது. மண் இளகும்வரை அதை எங்கே வைத்தார்கள் என்றும் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பெண்கள் தின்றுகொண்டிருந்த ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஒரு மணி நேரம் முடிஞ்சது. பெட்டிய மூடறேன்" என்றாள் ப்ரூ.

"நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்" என்று ஹார்லன் உட்கார்ந்துவிட்டார்.

பாலம் ஜெயித்தது. ஐந்தில் மூன்று பங்குக்கு மேலே ஏதோ கொஞ்சம். கை தட்டல் அடங்கியதும் க்ளைட் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீ என்ன போட்ட? சொல்லு, ஆமா இல்லையா?"

"நான் எங்க போட்டேன்? நான்தான் பேசிக்கிட்டிருந்தேனே."

"துரோகி!"

"ஒரு கடனுக்கும் ஆம்னு எழுதல, க்ளைட். இன்னிக்கும் எழுதல."

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஹார்லனின் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு ஊர் கடன் வாங்கக் கூடாது. இருபது வருடக் கடனை இப்போதுதான் வாங்கி முடித்திருந்த ஊர், கையில் பலகாரத்தோடு, பெரிய ஒழுக்கசாலிபோல ஒட்டுமொத்தமாகக் கை தூக்கியது. நானும் தூக்கினேன். பாலம் கிடைத்துவிட்டது, இனிமேல் கடன் கேட்கப்போவது அடுத்தவர்தானே. எதிர்த்துக் கை தூக்கியது பின்வரிசை மட்டும்தான். க்ளைட் வீம்புக்கு இரண்டு கையையும் தூக்கினான். ஹார்லனின் தீர்மானம் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஜெயித்தது, அவருடைய ஆட்களின் ஓட்டு ஒன்றுகூட இல்லாமல். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பலகார மேஜைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

நான் காப்பி ஊற்றிக்கொள்ளப் போனேன். என் கோப்பை நிரம்பித்தான் இருந்தது.

"நீ ஓட்டுப் போடல" என்றாள் ஓடெட்.

"இல்ல."

"எனக்காக ஒரு சீட்டுல ஒரு கோடு கிழிக்க முடியல."

"முடியல, ஓடெட். கை வராது." தொப்பியைச் சுற்றினார். "வாயி வந்துச்சு."

ஓடெட் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தக் குதிரை நிஜமா?"

"கால்ல வெள்ளை இருந்தது வரைக்கும் நிஜம்."

அவள் முகம் கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியிலிருந்து வெட்டாத ஒரு முழு ஆப்பிள் பையை எடுத்தாள். அவளுடைய அம்மா காலத்துக் கண்ணாடித் தட்டில் இருந்தது அது. ஹார்லன் பணப்பையை எடுத்தார். அவள் அந்தப் பணப்பையின் மேலேயே தட்டை வைத்தாள்.

"இது விக்கறதுக்கில்ல. எடுத்துட்டுப் போ. தட்டு மட்டும் எனக்குத் திரும்ப வேணும்."

"நான் இரவல் வாங்கமாட்டேன், ஓடெட். உனக்குத் தெரியும். இங்கயே வேற எதுலயாவது மாத்திக் குடு."

"வேற எதுலயும் இல்ல. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

ஹார்லன் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வட்டி எவ்வளவு?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை வா, சொல்றேன்."

கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, க்ளைட் கோஷ்டிக்கு நடுவிலேயே, இரண்டு கையாலும் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். என் மண்வெட்டியைக்கூட வாங்காத மனிதர்.

வியாழக்கிழமை காலையில் நான் தற்செயலாக ஜன்னலோரம் இருந்தேன். ஹார்லன் தட்டைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து பக்கத்து இருக்கையில் வைத்தார். அதற்குமேல் சீட் பெல்ட்டை மாட்டினார். சட்டை புதிது. வண்டி பாலத்துப் பக்கம் திரும்பாமல், பதினான்கு மைல் சுற்றுகிற சாலையில் திரும்பியது.

அன்று முடிவெட்டும் நாள் இல்லை.