கப்பலைக் கேட்டவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் "இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு சூடு?" என்று கேட்கக் கூடாது.

போன வருடம் எங்கள் தீவுக்கு வந்துபோன யாரோ ஒரு வெளியூர்க்காரர், விருந்தினர் குடிலில் ஒரு தாளை விட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் நாட்டைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. (கிரிபட்டி என்று எழுதியிருந்தது. நாங்கள் கிரிபாஸ் என்போம். போகட்டும்.) மூன்று தலைப்புகள். புவியியல்: தாழ்வான பவளத் தீவுகள். பொருளாதாரம்: கொப்பரை, மீன். தொலைத்தொடர்பு: குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

குறிப்பிடும்படி ஒன்றுமில்லையாம். மரேவாவை வைத்துக்கொண்டு!

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கடல் அமைதியாக இருந்த ஒரு காலைப்பொழுதில்—"

அடித்துவிட்டேன். அன்று கடல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. உங்கள் தெரு நேற்றுக் காலை எப்படி இருந்தது என்று உங்களைக் கேட்டால் நீங்கள் மட்டும் என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது தொடக்கம்: "நேய் மரேவா எங்கள் தீவின் வயர்லெஸ் அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள்."

இது பரவாயில்லை. சாதாரண வாக்கியம், ஆனால் நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம். (நேய் என்பது பெண்கள் பெயருக்கு முன்னால் நாங்கள் சேர்க்கும் மரியாதைச் சொல்.)

ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் பெட்டி, கூரைமேல் சூரியத் தகடு, தரையில் ஒரு பேட்டரி. அறை அவ்வளவுதான். காலை எட்டு மணிக்குக் கொப்பரைக் கப்பல் ஒவ்வொரு தீவாகக் கூப்பிடும். எத்தனை மூட்டை இருக்கிறது என்று அந்தந்தத் தீவு பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் பதில் இல்லையென்றால் அந்தத் தீவில் மூட்டை இல்லை என்று அர்த்தம், கப்பல் வராது. தேங்காய் உடைத்து, காயவைத்து, மூட்டை கட்டி வைத்த ஊர் அடுத்த கப்பல்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

(தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பதினாறு தீவுக்காரர்களும் "அங்கே எங்க அத்தை இருக்காளே, அவள ஏன் கதைல சேக்கல?" என்று சண்டைக்கு வருவார்கள்.)

3

தவறு நடந்த இடம் இது. நான் மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன்.

மரேவாவின் தாய்மாமன் பவுரோ, பாடகர் குழுவின் தலைவர். பக்கத்துத் தீவிலிருந்து விருந்தாளிக் குழு வந்திருந்தது. மனியாபாவில், அதாவது ஊர் கூடும் பெரிய கூடத்தில், மூன்று நாள் ஆட்டமும் பாட்டும். விருந்தாளிகள் சொந்த ஒலிபெருக்கியோடு வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுக்கப் பேட்டரி இல்லை. பவுரோ வயர்லெஸ் அறை வாசலில் வந்து நின்றார்.

"மரேவா, ஒண்ணு கேக்கணும்மா."

"மாமா, பேட்டரிய மட்டும் கேக்காதீங்க."

"நான் இன்னும் வாயத் தெறக்கவே இல்லையே!"

"உங்க கண்ணு அதுமேலதானே இருக்கு."

"அப்பக் கேட்டுட்டேன்னே வச்சுக்கோ. விருந்தாளிங்க முன்னாடி உங்க மாமன் வெறும் வாயால கத்திட்டு நிக்கணுமா? மூணே நாள். தூசு படாம கொண்டுவந்து வைக்கிறேன்."

இதுதான் புபுசி. சொந்தக்காரர் நேருக்கு நேர் வந்து "இதைக் கொடு" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் மறுத்தவருக்குத்தான் வெட்கம். அது பிள்ளைகள் காலம்வரை பேசப்படும். வெளியூர்க்காரர்கள் இதனால்தான் இங்கே கடை நடத்த முடிவதில்லை என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். உண்மைதான். இங்கே பட்டினி கிடந்து யாரும் சாவதில்லை என்பதும் உண்மைதான்.

[ஒரு வரைவில் மரேவாவை "முடியாது" என்று சொல்லவைத்தேன். சொன்னாள். சொன்ன உடனே அவள் எனக்கு யாரென்று தெரியாதவளாகப் போய்விட்டாள். கதையும் அந்தப் பக்கத்தோடு முடிந்துபோனது.]

அதனால் அவள் பேட்டரியைக் கொடுத்தாள். மாமா அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார். ஆட்டம் பிரமாதமாக இருந்தது. விருந்தாளிகள் வாயடைத்துப் போனார்கள். அந்த மூன்று நாளும் காலை எட்டு மணிக்குக் கப்பல் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

4

நான்காம் நாள் காலை பேட்டரி உயிரே இல்லாமல் திரும்பி வந்தது. வெயிலில் சார்ஜ் ஏறி, பெட்டி உயிர் பெற்றபோது பதினோரு மணி.

"கேப்டன், எங்ககிட்ட முன்னூத்திப் பன்னெண்டு மூட்டை இருக்கு. ஓவர்."

"மூணு நாளா தொண்ட வத்தக் கூப்பிட்டேனேம்மா. தூங்கிட்டிருந்தியா? ஓவர்."

பேட்டரி பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தது என்று எப்படிச் சொல்வாள்? அந்த அலைவரிசையில் பதினாறு தீவுகளின் காதும் ஒட்டிக்கொண்டிருக்கும். "பெட்டில கோளாறு" என்றாள்.

"ஆபீஸ்ல உங்க தீவப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டாங்க. மூணு மணிக்கு உங்க மேற்குப் பக்கமாத்தான் தாண்டிப் போவேன், ஆனா நிக்க மாட்டேன். நாலு மாசம் கழிச்சுப் பாக்கலாம். ஓவர்."

நான்கு மாதம், அதுவும் மழைக்காலம். கொப்பரை பூசணம் பிடித்துப் புழுத்துவிடும். ஊரே ஆறு வாரம் முதுகு ஒடிய உழைத்த உழைப்பு. அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்தக் கிடங்குக்குள்தான் இருந்தன. ஒரு பாட்டுக்காக ஊரையே கவிழ்த்தவள் என்ற பெயரோடு அவள் இனி நடமாட வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை, அழ நேரமில்லை.

"கேப்டன், உங்கள நான் ஒண்ணு கேக்கணும்—"

"சிக்னல் சரியில்ல. கேக்கல... ஒண்ணும் கேக்கல..."

சிக்னல் மாதாகோயில் மணிபோலத் தெளிவாக இருந்தது. கேப்டன் யோத்தேபாவும் கிரிபாஸ்காரர். "ஒண்ணு கேக்கணும்" என்பதற்கு அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? பெட்டியையே அணைத்துவிட்டார்.

5

இங்கே நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகளை முயன்றுபார்த்தேன்.

(அ) மரேவா கடற்கரையில் கண்ணாடியை வெயிலில் காட்டி மின்னவைக்கிறாள், கப்பல் திரும்புகிறது. அபத்தம். எந்தத் தீவைக் கடந்தாலும் பிள்ளைகள் கண்ணாடி மின்னவைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எந்தக் கப்பலும் திரும்பியதில்லை.

(ஆ) கப்பல் போய்விடுகிறது; ஊர் விதியை நொந்துகொள்கிறது. இப்படி எழுதினால் இலக்கியம் என்று பாராட்டுவார்கள். எனக்கு வேண்டாம்.

(இ) புபுசி வைத்து இழந்ததைப் புபுசி வைத்தே மீட்கிறாள். ஆனால் புபுசி கேட்க உறவு வேண்டும். கேப்டனோ எட்டு நாள் பயணத் தொலைவில் பிறந்தவர்; நடந்ததை நடந்தபடி எழுதினால் யார் நம்புவார்கள்? "அவர் பிறந்த ஊரை மாற்றிவிடலாமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மரேவாவிடமே கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்?" என்றாள். "இவ்வளவு கடல்ல இத்துனூண்டு மண்ணு. நாலு தலைமுறை தோண்டினா யாருதான் சொந்தமில்ல? தோண்டத் தெரியணும், அவ்வளவுதான்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். எங்கள் தீவே கடலுக்கு மேல் இரண்டு ஆள் உயரம்தான். நாங்கள் சாணையும் முழத்தையும் அளந்துதான் பிழைக்கிறோம்.

6

மரேவா அலைவரிசையை மாற்றவில்லை. அதிலேயே கேப்டன் பிறந்த தீவைக் கூப்பிட்டாள். அங்கே வயர்லெஸில் இருந்தவள் ராத்தேயா. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை; பதினான்கு வருடக் குரல் சிநேகம்.

"ராத்தேயா, கேப்டன் யோத்தேபா யாரு வீட்டுப் பிள்ள? அப்பா பக்கம் சொல்லுடி. ஓவர்."

"என்னடி, பொண்ணு குடுக்கப் போறியா? ஓவர்."

"கப்பல எடுக்கப் போறேன். சீக்கிரம் சொல்லு. ஓவர்."

ராத்தேயா இரண்டு பெயர் சொன்னாள். மூன்றாவது பெயரை இன்னொரு தீவுக்காரர் நடுவில் புகுந்து சொன்னார். "அது தப்பு, அவ மூத்த தாரத்துப் பொண்ணு" என்று வடக்கிலிருந்து ஒரு குரல் திருத்தியது. ஒரு பெயரை மட்டும் இரைச்சல் விழுங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் ஒருவருடைய வம்சத்தையே நாடு முழுக்கக் கூடி உட்கார்ந்து கட்டி எழுப்பிவிட்டது. அதைக் கேட்காதவர் ஒரே ஒருவர்தான்: பெட்டியை அணைத்துவைத்திருந்த கேப்டன்.

"மாமா, படக எடுங்க."

"என் படகையா? பெட்ரோலு—"

"மாமா!"

"சரி சரி, எடுத்துட்டேன்."

7

மூன்று மணி. பவுரோ படகைக் கப்பலின் பாதைக்கே கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். கப்பல் ஊளையிட்டபடி வேகம் குறைத்து நின்றது. கேப்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏய்! சாகணுமா?"

"இல்ல கேப்டன், பேசணும்!"

"வயர்லெஸ்ல பேசு!"

"அதுலதான் உங்களுக்குக் காது கேக்கலையே!"

கப்பல்காரர்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. மரேவா ஆடுகிற படகில் மாமாவின் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உங்க அப்பா பேரு இயோனே. அவரப் பெத்தவ நேய் தாரூ. சரியா?"

"சரி... அதுக்கென்ன இப்ப?"

"தாரூவப் பெத்தவரு கவுத்து. அவரோட அம்மா..."

அங்கே நின்றாள். இரைச்சல் விழுங்கிய பெயர் அது. அந்தப் பெயருக்கு மேலே இருந்தவரை அவளுக்குத் தெரியும். எங்கள் தீவில் பிறந்தவர், அவளுடைய பாட்டனின் பாட்டனுக்கும் அப்பன். நடுவில் அந்த ஒரு கண்ணிதான் இல்லை. "மாமா, சொல்லுங்களேன்" என்று கீழே பார்த்துக் கெஞ்சினாள். "வாய்க்கிட்ட வந்துட்டுப் போகுதும்மா" என்றார் பவுரோ.

கேப்டன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அவரோட அம்மா யாரும்மா? சொல்லு. நேரமாகுது" என்று எஞ்சின் அறைக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினார்.

[இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நடந்தது என்ன என்று தெரிந்தும் வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.]

"கின்னத்தா!"

சத்தம் கப்பலின் முனையிலிருந்து வந்தது. கயிற்றோடு நின்றிருந்த காரோத்து, கப்பலாட்களின் தலைவன்.

"நேய் கின்னத்தா, கேப்டன்! எங்க கொள்ளுப்பாட்டியோட கூடப் பொறந்தவ. இந்தத் தீவுக்காரி!"

"டேய், நீ யார் பக்கம்டா?"

"சொந்தக்காரங்க பக்கம் கேப்டன். நீங்களும் சொந்தம்னு இப்பத்தானே தெரியுது!"

மரேவா அதற்குமேல் "கேப்டன்" என்று கூப்பிடவில்லை.

"தம்பி யோத்தேபா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒன் கப்பல எனக்குக் குடு. ஒரு நாளைக்கு."

அவர் மறுத்திருக்கலாம். ஆபீஸ் கேட்கும், பதில் சொல்ல வேண்டும். எல்லாம் அவர் தலையில்தான் விழும். அத்தனையும் அவர் மனதில் ஓடியதை மரேவா பார்த்தாள். தான் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அவருக்கும் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது, பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எடுத்துக்கோக்கா" என்றார்.

8

கப்பல் திரும்பியது! இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. இரும்பும் துருவுமாக அவ்வளவு பெரிய கப்பல், விட்டுப்போன ஒரு பெயர் கிடைத்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் தீவைப் பார்த்து வந்தது. மூன்று முறை ஊதினார்கள். கரையில் இருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார்கள். கிடங்கிலிருந்து மூட்டைகள் கை மாறிக் கை மாறி இறங்கின. மறுநாள் நண்பகலுக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டும் ஏறிவிட்டன.

மரேவா நடுவில் ஒருமுறை வயர்லெஸ் அறைக்கு ஓடினாள். "எல்லாத் தீவுக்கும் சொல்றேன். கப்பல் எங்க வாசல்ல நிக்குது. ஓவர்."

பெட்டிக்குள்ளிருந்து பதினாறு தீவும் ஒன்றாகக் கைதட்டியது. நான் அப்போது அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். என் காதால் கேட்டேன்.

9

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கடைசி மூட்டை ஏறிய பிறகு கேப்டன் கரைக்கு வந்து, மனியாபாவில் ஊரார் முன்னால் மரேவாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இப்ப என் முறை. நானும் ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்டார்?

நான் அங்கே இருந்தேன், எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது கொடுக்காமல் இருப்பதைவிடக் கேவலம், அதை ஒரு கதைக்குள் வைத்துச் சொல்லிக்காட்டுவது அதைவிடக் கேவலம். அதனால் அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். அவளிடம் இருந்ததில் எதை வேண்டுமானாலும் அவர் கேட்டதாக எழுதிக்கொள்ளுங்கள். பபாய்க் கிழங்குக் குழி என்றாலும் சரி, பதினான்கு வருட வேலை என்றாலும் சரி, மகள் என்றாலும் சரி. ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன்: சின்னதாக எழுதிவிடாதீர்கள். ஒரு கப்பலுக்கு ஈடாக நிற்க வேண்டும்.

எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது நடந்தது: அவர் கேட்டதும் கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். பவுரோ மாமா தலையைக் குனிந்துகொண்டார். மரேவா மட்டும் சிரித்தாள். கையில் இருந்ததை எல்லாம் கொடுக்கத் தெரிந்தவளின் சிரிப்பு அது. அந்த "ஐயோ" அடங்கும் முன்பே சொன்னாள்:

"இவ்வளவுதானா தம்பி?"