மூன்றாவது கிலோமீட்டரில் மண் இல்லை

நான் ஒரு சங்கத்தின் தலைவர் என்பது, தலைவராகி ஆறு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. சுவரில் வாசித்தேன்.

1996 மார்ச் மாதம். பாளையங்கோட்டையில் கால்வாய் ஆபீஸ் வராந்தாவில் காண்ட்ராக்டர் சிவசைலம் அண்ணாச்சிக்காகக் காத்திருந்தேன். நாற்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். பிந்திப் படித்தவனுக்குக் கண்ணில் பட்டதை எல்லாம் வாசிக்கிற வியாதி வந்துவிடும். எச்சில் துப்பாதீர் என்பதை வாசித்தேன். மணல் வாளியில் தீ என்று எழுதியிருந்ததை வாசித்தேன். அடுத்து ஒரு பலகை, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்கள் பட்டியல். பதினேழாவது வரியில் இப்படி இருந்தது: மேலக்கால் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர் இருபது, தலைவர் பெ. தளவாய்.

பெ. தளவாய் நான்தான். எங்கள் ஊரில் வேறு தளவாய் உண்டு, ஆனால் அவன் அப்பா பெயர் வேறு.

யோசித்ததில் விளங்கியது. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணாச்சி எங்கள் இருபது பேருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். வாங்கியதற்கு என்று சில தாள்களில் கைநாட்டு வாங்குவார். ஒரு வேட்டிக்கு எதற்கு ஏழு தாள் என்று நாங்கள் கேட்டதில்லை. சங்கங்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்குகிற வேலையை எங்கள் பெயரில் எடுத்து, எங்களையே கூலிக்கு வைத்துச் செய்திருக்கிறார். அதாவது ஆறு வருடமாக நான் எனக்கே கூலிக்குப் போயிருக்கிறேன்.

இதைக் கேட்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி வந்துவிட்டார். அவரே முந்திக்கொண்டார்.

"ஏலே தளவாய், இந்த வருசம் தூர் வார ஆள் வேண்டாம்லே. தூத்துக்குடியில இருந்து மிஷின் வருது. உங்காளு நாலு பேரு நாள் பூரா அள்ளுதத அது ஒரு வாயில அள்ளிப் போட்டுரும்."

பிசானம் அறுவடை முடிந்து கார் நடவு தொடங்கும்வரை வயலில் வேலை கிடையாது. அந்த நாட்களில்தான் கால்வாயை அடைத்து மண் வாருவார்கள். அந்த வேலையும் இல்லை என்றால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கல் குவாரி. போன வருடம் பத்து நாள் போயிருந்தேன். இடது முட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. தலைவர் பதவி கிடக்கட்டும், எனக்கு வேண்டியது ஊரில் இரண்டு மாத வேலை.

சாயங்காலம் இருபது பேரும் கூடினோம். மண் சுமக்கிற பெண்களுக்கு மூத்தவள் சந்தனமாரி. அவள் கேட்டாள், "சங்கம் நம்ம சங்கம்னா டெண்டரையும் நாமளே போட்டா என்ன?"

"போட்டா என்ன? அண்ணாச்சி ஆளு வந்து மிதிப்பான், வேற என்ன?" என்றான் இசக்கிமுருகன். எனக்கு இருபது வருடமாக மண்வெட்டி ஜோடி.

"மிதிக்கதுக்கும் மிஷின் வச்சிருக்காராக்கும்?" என்றாள் சந்தனமாரி.

டெண்டர் போடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் ஆபீஸில் ஹெட்கிளார்க் வைத்தி சார் டெண்டர் தாளைக் கொடுத்தார். கோபமும் சிரிப்பும் இல்லாத மனுஷர். சங்கம் என்பதால் டேவணித் தொகை, அதாவது முன்பணம், பாதி கட்டினால் போதும் என்றார். வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கும், அதற்கு எத்தனை சதவீதம் கூட அல்லது குறைய என்று எழுதி, கவரை ஒட்டி, பெட்டியில் போடவேண்டும். அவ்வளவுதான்.

நான் பேனாவை எடுத்தேன்.

"என்ன பண்றீர் ஓய்?"

"கையெழுத்து போடுதேன் சார்."

அவர் ஒரு பழைய ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "ரெக்கார்டுல கைநாட்டுன்னா இருக்கு. கையெழுத்து போட்டா செல்லாது."

"எனக்கு எழுதத் தெரியும் சார்."

"தெரிஞ்சுட்டுப் போகட்டும். ரெக்கார்டுக்குத் தெரியாது."

ஆகவே டெண்டரை முழுக்க என் கையால் எழுதி, அடியில் பெருவிரலை உருட்டினேன்.

எழுதுவதற்கு முன் இசக்கிமுருகனும் நானும் மூன்று நாள் கால்வாயில் நடந்தோம். நாலு கிலோமீட்டர். இருபது எட்டுக்கு ஒரு தரம் கடப்பாரையை இறக்கி, எவ்வளவு மண் கிடக்கிறது என்று பார்த்தோம். முதல் இரண்டு கிலோமீட்டரில் முழங்காலுக்கு மேல் வண்டல். நாலாவதில் முழங்காலுக்குக் கீழே. மூன்றாவது கிலோமீட்டர் பாறையை வெட்டிக் கொண்டுபோன கால். தண்ணீர் அங்கே வேகமாக ஓடித் தானே கழுவிக்கொண்டு போய்விடும். கடப்பாரை கணீர் என்றது. ஆனால் டெண்டர் தாளில் மூன்றாவது கிலோமீட்டருக்கும் முக்கால் மீட்டர் மண் போட்டிருந்தது.

"கணக்குல தப்பா எழுதிட்டாவ போல" என்றேன்.

"எழுதுனா நமக்கென்ன? நாம சொல்லிருவோம்" என்றான் இசக்கிமுருகன்.

இங்கே மண் வெட்டுகிறவர்களிடம் ஒரு கட்டு உண்டு. குழி வெட்டும்போது நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவிடுவோம். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓவர்சியர் வந்து அளந்த பிறகே அதைத் தட்டுவோம். சாட்சி நிற்காத குழிக்குக் கூலி கேட்கிறவனோடு மறுநாள் எவனும் ஜோடி சேரமாட்டான். இல்லாத மண்ணுக்குப் பணம் கேட்டு எழுதுவதாவது.

அதனால் ஐந்து சதவீதம் குறைவு என்று போட்டுவிட்டு, தனித்தாளில் ஒரு கடிதமும் எழுதி உள்ளே வைத்தோம்.

ஏப்ரல் பாதியில் டெண்டர் பிரித்தார்கள். அன்று காலை இசக்கிமுருகனும் சந்தனமாரியும் நானும் போனபோது, ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் காண்ட்ராக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு கட்டு உண்டு. சிகரெட் அட்டையைக் கிழித்து, பெயர் எழுதி, டம்ளரில் போட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ வேலை அவருக்கு. மற்றவர்கள் ஒப்புக்கு அவரைவிடக் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார்கள்.

"வாரும் தலைவரே, டீ சாப்பிடும்" என்றார் சிவசைலம் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டேன்.

"இந்தத் தடவ சீட்டு எனக்கு விழுந்திருக்கு. நீ என்ன பண்ணுத, பத்து சதவீதம் கூடப் போட்டுரு. மிஷின் போன பொறவு ஓரம் வெட்ட பதினஞ்சு நாள் வேல தாரேன்."

பதினைந்து நாள் என்பது கையில் வந்த மாதிரி. என் முட்டு உடனே சம்மதித்துவிட்டது.

சந்தனமாரி கேட்டாள், "எத்தன பேருக்கு அண்ணாச்சி?"

"எட்டு பேருக்கு."

"நாங்க இருபது பேருல்லா. மத்த பன்னெண்டு பேரும் உங்க வீட்டுல வந்து சாப்பிட்டுக்கிடவா?"

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெட்டி அங்கன இருக்கு. போய்ப் போடுங்க. போட்டுப் பாருங்க."

போட்டோம்.

மூன்று மணிக்கு எஞ்சினியர் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். சிவசைலம் அண்ணாச்சி நாலு சதவீதம் கூடுதல். இன்னும் இருவர், ஒன்பதும் பன்னிரண்டும். எங்கள் கவர் கடைசி. "ஐந்து சதவீதம் குறைவு" என்று எஞ்சினியர் வாசித்ததும் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சந்தனமாரி என் கையை நறுக்கென்று கிள்ளினாள். வேலை எங்களுக்கு என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தோம்.

"இன்னொரு தாள் இருக்கு சார்" என்றார் வைத்தி சார்.

கவரில் இருப்பதை எல்லாம் உரக்க வாசிக்கவேண்டும் என்பது விதி. எஞ்சினியர் அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"ஐயா, மூன்றாவது கிலோமீட்டர் பாறைக்கால். அங்கே மண் தங்குவதில்லை. அதற்கு எங்களுக்குப் பணம் வேண்டாம். எங்கள் முன் அனுபவம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருடமாக இந்தக் கால்வாயில் மண் வாருகிறோம். மூன்றாவது கிலோமீட்டரில் இதுவரை ஒரு கூடை மண்கூட அள்ளியதில்லை."

கடைசி இரண்டு வரியை அவர் வேகத்தைக் குறைத்து வாசித்தார். ஆனாலும் வாசித்து முடித்தார். ஆறு வருடமும் நாலு கிலோமீட்டருக்குப் பில் போன விஷயம் எங்களுக்கு அதுவரை தெரியாது. அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

வைத்தி சார் ஒவ்வொரு தாளிலும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கடிதத்திலும் வாங்கினார். அண்ணாச்சி போட்டார். நான் பெருவிரலை உருட்டினேன்.

"ஷரத்து பதினொண்ணு சார்" என்றார் வைத்தி சார். "நிபந்தனையோட வந்த டெண்டர் தள்ளுபடி."

"நாங்க நிபந்தனை ஒண்ணும் போடலியே சார்" என்றேன்.

"பணம் வேண்டாம்னு எழுதியிருக்கீர்லா ஓய்? அது நிபந்தனை."

"வேணும்னு எழுதியிருந்தா?"

"அது டெண்டர்."

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். சேரன்மகாதேவி தாண்டியபோது சந்தனமாரி சொன்னாள், "படிக்காம இருந்திருந்தா லெட்டர் எழுதியிருக்க மாட்டியல்லா அண்ணே." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இசக்கிமுருகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இல்லாத மண்ண இருக்குன்னா எழுதச் சொல்லுத?"

"நான் ஒண்ணும் சொல்லல. இருபது பேரு சோத்தச் சொல்லுதேன்."

குவாரி மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வேன் வரும் என்றான்.

வேன் வருவதற்கு நாலு நாள் முன்பு, தலைவர் அவர்களுக்கு என்று கால்வாய் ஆபீஸிலிருந்து ஒரு தபால் வந்தது. போய்ப் பார்த்தபோது வைத்தி சார் விவரம் சொன்னார். குறைந்த ரேட்டைத் தள்ளிவிட்டுக் கூடின ரேட்டைக் கொடுக்க எஞ்சினியருக்குத் தைரியம் வரவில்லை. ஐந்து பேர் கையெழுத்தோடு அந்தக் கடிதம் ஃபைலில் உட்கார்ந்திருந்தது. ஃபைல் மதுரையில் இருக்கிற பெரிய ஆபீஸுக்குப் போனது. மதுரையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், உண்மையில் எவ்வளவு மண் இருக்கிறது என்று.

"அதுக்கு சோதனைக் குழி போடணும்" என்றார் வைத்தி சார். "அம்பது மீட்டருக்கு ஒண்ணு. ஆகமொத்தம் எண்பது குழி. மிஷின் கூடாது, ஆளை வச்சுத்தான் தோண்டணும்னு உத்தரவு. இதுக்கு டெண்டர் விட்டா அதுக்கே ஒரு மாசம் ஆகும். அதனால நாள்கூலி. அந்தப் பக்கம் ரெக்கார்டுல இருக்கற சங்கம் உம்மோடது ஒண்ணுதான்."

"எத்தன பேரு சார்?"

"குழிக்கு அஞ்சு பேர்."

ஓவர்சியர் பாளையங்கோட்டையிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வருவார், மூன்று மணி பஸ்ஸில் போவார். ஒரு நாளைக்கு நாலு குழிக்கு மேல் அவரால் அளக்க முடியாது. நாலு குழிக்கு இருபது பேர். மேஸ்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் கிலோமீட்டரில் முழங்கால் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி மேலே போட்டோம். ஓவர்சியர் டேப்பை விட்டு அளந்து எழுதிக்கொண்டார். பிறகு, "மூடுங்க" என்றார்.

"எடுத்த மண்ணு எடுத்ததுதான் சார். கரையில கொட்டிருதோம்" என்றான் இசக்கிமுருகன்.

"கரையில கொட்டுனா அது தூர் வாருதது வே. அதுக்கு டெண்டர் வேணும். உள்ளயே போடும்."

உள்ளேயே போட்டோம். இப்படியே ஒவ்வொரு குழியாக, கால்வாயிலிருந்து மண்ணை எடுத்துக் கால்வாயிலேயே போட்டுக்கொண்டு போனோம். ஒரு கூடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இடையில் ஒரு நாள் அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் வந்து கரையில் நிறுத்தினார். மிஷின் உப்பளத்துக்குப் போய்விட்டதாம். தண்ணீர் திறக்கப் போவதால் இந்த வருடம் இனி டெண்டரே கிடையாதாம்.

"எனக்குமில்லாம உனக்குமில்லாம ஆக்கிட்டியேலே" என்றார்.

"எங்களுக்கு இருக்கு அண்ணாச்சி" என்றாள் சந்தனமாரி, கூடையை இறக்காமல்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது கிலோமீட்டர் வந்தது.

"இங்கன மண்ணே இல்லையே சார்" என்றேன்.

"இல்லைன்னு நீர் எழுதிக் கொடுத்தாப் போதுமா? தோண்டிப் பார்த்துல்லா நான் எழுதணும்."

பாறையில் கடப்பாரை போட்டோம். பொறி பறந்தது. அரை நாள் குத்தினால் ஒரு சிரட்டை அளவு சில்லு பெயரும். ஓவர்சியர் குனிந்து டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதுவார். ஐந்து நாளில் இருபது பூஜ்யம். முட்டு வலித்தது. இருந்தாலும் குவாரியில் வலித்த அளவு இல்லை.

மே கடைசி வாரம். நாலாவது கிலோமீட்டர் பாதி தாண்டிவிட்டது. ஒரு நாள் காலை, ஓவர்சியர் பஸ் வருவதற்கு முன் சந்தனமாரி கேட்டாள்.

"அண்ணே, இன்னும் எத்தன குழி?"

"எட்டு."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"கார் நடவுக்கு?"

"இருபது நாள் கிடக்கு."

அவள் இசக்கிமுருகனைப் பார்த்தாள். சாட்சி இல்லாத குழிக்குக் கூலி கேட்காதவன் அவன். அவன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் நாடியை வைத்துக்கொண்டான்.

"நாள்கூலிதானே" என்றான். "பையத் தோண்டுனா மண்ணு கோவிச்சுக்கிடாது."

ஓவர்சியர் பஸ்ஸை விட்டு இறங்கி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். சந்தனமாரி பனையடிக்குப் போய் ஒரு பனையோலைப் பட்டையில் பதனீர் வாங்கிக்கொண்டு எதிரே போனாள்.

"வெயிலு என்னமா அடிக்கு சார். நிழல்ல உக்காந்து குடிச்சிட்டு வாங்க. குழி எங்கயும் போயிராது."

அவர் உட்கார்ந்தார். இன்னொரு பட்டையும் கேட்டு வாங்கிக் குடித்தார். மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அன்று இரண்டு குழிதான் அளக்க முடிந்தது.