கூனிப்பாறையில் தொலைந்த வர்க்கமூலம்

1954 டிசம்பர் 9, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். அட்டன் முதல் வட்டகொடை வரை விடாத தூறல், மலைகளின் இடுப்பளவுக்கு மூடுபனி. அந்த நிமிடத்திலிருந்து கூனிப்பாறைத் தோட்டத்தின் எல்லைக்குள் விழுந்த பொருள்கள் அனைத்தும் அதுவரை விழுந்ததைவிட மெல்ல, ஆறுதலாக விழுந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகளின்மேல் மழையின் ஓசை சட்டென்று தணிந்ததால், இரவு வேலை முடித்துப் படுத்திருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். பாறையிலிருந்து இறங்கும் அருவி, கொடியில் உலர்த்திய வேட்டியைப்போல் அசைந்து இறங்கியது. அதே நிமிடத்தில் அட்டன் நகரத்துப் பரீட்சை மண்டபம் ஒன்றில், அத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பழனியாண்டியின் மகள் நாகலெட்சுமி, உயர்தர வகுப்புப் பிரயோக கணித வினாத்தாளின் நான்காம் வினாவுக்கு விடை எழுதி முடித்து, விடையின்கீழ் வழக்கப்படி இரண்டு கோடுகள் இழுத்தாள். நூற்று இருபத்தெட்டு அடி உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து கைவிடப்பட்ட கல் எவ்வளவு நேரத்தில் நிலத்தை அடையும், அடையும்போது அதன் வேகம் என்ன என்பது வினா. நான்கு செக்கன், செக்கனுக்கு அறுபத்து நான்கு அடி என்பது அவள் கண்ட விடை. முழு எண்களாக வந்ததில் அவளுக்குத் திருப்தி.

நான்கு மணிக்குக் கொழுந்து நிறுக்கும்போதுதான் தோட்டம் விஷயத்தை உணர்ந்தது. அந்நாளில் கூடையைக் கொக்கியில் மாட்டி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எவ்வளவு இழுபடுகிறது என்று முள் காட்டும் தராசுதான் மலைகளில் வழக்கம். அன்று எந்தக் கூடையை மாட்டினாலும் முள் பாதி தூரத்தில் நின்றது. பழனியாண்டி தராசைத் தட்டினார், எண்ணெய் விட்டார், வானத்தைப் பார்த்தார். வரிசையின் முன்னால் நின்ற ராக்காயி இடுப்பில் கைவைத்தாள்.

"என்னங்க கணக்கப்புள்ள ஐயா, தராசும் உங்களாட்டம் மத்தியானத்துல கண்ணசருதா?"

"சும்மா இரு ராக்காயி. முள்ளு காட்டுறதத்தான் நான் எழுத முடியும்."

"முள்ளு பாதிதான் காட்டுதுன்னா மிச்சக் கொழுந்து எங்க போச்சு? ஐயா வூட்டு அடுப்புல கொதிக்குதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகத் தராசில் விரல் வைக்காதவர் என்று பெயரெடுத்திருந்த பழனியாண்டி, அன்று மாலை தம் வீட்டு வாசற்படியில் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வட்டகொடையில் ரயிலை விட்டிறங்கி, தோட்டத்து எல்லையான மதகைத் தாண்டியதும் கால்கள் லேசானதைச் சோதனை முடிந்த மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டு வந்த நாகலெட்சுமி, அவர் சொன்னதைக் கேட்டாள். அடுக்களையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திக் கைவிட்டாள். அது இறங்கிய விதத்தைப் பார்த்ததும் தந்தையிடம் திரும்பினாள்.

"அப்பா, பதினாறு போட்டுட்டேன்."

"எங்கம்மா போட்ட?"

"முப்பத்திரண்டு போட வேண்டிய எடத்துல."

நடந்தது இதுதான். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் முப்பத்திரண்டு அடி கூடும்; இதற்கு ஆர்முடுகல் என்று பெயர். அதில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் விழுந்த தூரம் வரும். அட்டனில் கற்பித்த ஆசிரியர், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, அந்தப் பாதியை முன்கூட்டியே எடுத்து, பதினாறு என்றே மனப்பாடம் செய்வித்திருந்தார். நாகலெட்சுமி மண்டபத்தில் முழுச் சூத்திரத்தையும் முறைப்படி எழுதிவிட்டு, மனப்பாடமான பதினாற்றை முப்பத்திரண்டின் இடத்தில் இட்டாள். ஒருமுறை பாதியாக வேண்டியது இருமுறை பாதியாயிற்று. பழனியாண்டிக்கு இவ்விளக்கத்தில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பிழை தராசில் இல்லை, தம்மிடமும் இல்லை என்பது புரிந்தது; அன்றிரவு அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவளே தந்தையை அழைத்துக்கொண்டு வட்டகொடைக்குப் போய், பாவா முதலாளியின் கடையிலிருந்த தட்டுத் தராசைக் கேட்டாள். ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் படிக்கல்லும் இருப்பதால், இரண்டும் ஒரே அளவில் லேசாகும், நிறை மாறாது. பாவா தராசைத் துடைத்துக் கொடுத்தார். "தராசுக்கு வாடக வேணாம், கணக்கப்புள்ள. கல்லுக்குத்தான் வாடக. கல்லுதான் ஒங்க தோட்டத்துக்குள்ள போனா இளைச்சுப்போகுதாமே," என்றார். அன்று மாலை கொழுந்தின் நிறை சரியாக வந்தது. ராக்காயி பழனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; ஒரு சுண்டு நெல்லிக்காய் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காலத்தை நினைப்பவர்கள் முதலில் மழையைத்தான் சொல்வார்கள். அது வருவதைப் பார்த்துக்கொண்டே காயப்போட்ட துணிகளை எடுத்து முடித்துவிடலாம். பீங்கான் கோப்பைகள் உடைவது அரிதாயிற்று. பிள்ளைகள் லயத்துக் கூரையிலிருந்து குதித்துப் பள்ளிக்கூடம் போனார்கள். 1955 மாசியில் நடந்த காமன் கூத்தில் ஆட்டக்காரர்கள் தப்புமேளத்தின் அடிக்கு முந்தி நிலத்தை விட்டெழுந்து, அடுத்த அடி முடிந்த பிறகே வந்து சேர்ந்தார்கள். தப்படிப்பவர்கள் அதற்கேற்பத் தாளத்தை நீட்டிக்கொண்டார்கள். அந்த நீட்டலுடன்தான் இன்றும் அங்கே அடிக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள உறவினர்கள் கினிகத்தேனையிலிருந்தும் பட்டிப்பொலவிலிருந்தும் மாதக்கணக்கில் வந்து தங்கினார்கள். சங்கடங்களும் இருந்தன. உலக்கை இறங்க மறுத்ததால் மிளகாய் இடிக்க இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. தேயிலைப் பெட்டி சுமப்பவர்களுக்கு மதகின் அப்புறம் கால்வைத்த கணத்தில் சுமை இரட்டித்ததால், அங்கே எப்போதும் மேலதிகமாக ஓர் ஆள் காத்து நின்றார்.

இதற்கிடையில், விடைத்தாள் கொழும்பில் திருத்தப்பட்டது. கணிதத் தாளைத் திருத்துவது விடை சரியா பிழையா என்று பார்க்கும் வேலை என்றே வெளியார் நினைக்கிறார்கள். அது அவ்வாறன்று. சமன்பாட்டைச் சரியாக அமைத்தவருக்கு வழிக்குரிய புள்ளி உண்டு. எண்ணும் சரியானால் விடைக்குரிய புள்ளி உண்டு. முதல் வரியில் பிழைவிட்டவர், அப்பிழையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிகளில் ஒழுங்காக நடந்தால், அவ்வரிகளுக்குப் பின்தொடர் புள்ளி உண்டு. இதற்கு ஒரே நிபந்தனை: பிழை கணக்கை இலகுவாக்கியிருக்கக் கூடாது. கண்டியிலிருந்து வந்த பரீட்சகர் இஸ்ஸதீன் சிவப்பு மையால் நாகலெட்சுமிக்குப் பின்தொடர் புள்ளி வழங்கினார். யாழ்ப்பாணத்தவரான பிரதம பரீட்சகர் முத்துலிங்கம் பச்சை மையால் அதை வெட்டினார். சிவப்பின்படி அவள் தேறிச் சித்தியடைந்தவள், பச்சையின்படி சித்தியடையாதவள்.

"பிழை விட்டது மட்டுமில்லை, இஸ்ஸதீன், பிழையால லாபமும் எடுத்திருக்கிறா. வர்க்கமூலம் வரவேண்டிய இடத்தில முழு எண் வந்திருக்கு. மூலம் எங்க போச்சு?"

"எங்கயாவது இருக்கும் சேர். காணாமப் போறதுக்கு அது என்ன குடையா?"

முத்துலிங்கம் சிரிக்கவில்லை. கணக்கின்படி அவர் சொன்னது சரி. முப்பத்திரண்டை இட்டிருந்தால் விடையில் இரண்டின் வர்க்கமூலம் வந்திருக்கும். அதைச் சுமந்துகொண்டு அடுத்த பகுதிக்குப் போயிருக்க வேண்டும். இரு பரீட்சகர்களும் உடன்படாத தாளின் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட வேண்டும் என்பது விதி. பெறுபேறு நிறுத்தப்பட்டவர் மறுமுறை பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்பது இன்னொரு விதி. இருபத்திரண்டு வயது நிறைந்தவரைப் பல்கலைக்கழகம் ஏற்காது என்பது மூன்றாவது. முரண்பாடுகளைத் தீர்க்கும் குழு ஆண்டுக்கொருமுறை கூடியது. 1955-இல் அதன் தலைவருக்குக் கன்னம் வீங்கும் கூகைக்கட்டு வந்ததால் கூடவில்லை. நாகலெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு காத்திருந்தாள். புள்ளி கிடைக்காவிட்டால் எல்லாம் பழையபடி விழுமா என்று கேட்டவர்களுக்கு, தெரியாது என்றாள்.

1956 செப்டெம்பரில் கூடிய குழுவின்முன் இஸ்ஸதீன் ஒரு யோசனை வைத்தார். கூனிப்பாறையைப் பற்றி அவர் ரயிலில் கேள்விப்பட்டிருந்தார். நாளும் நேரமும் பொருந்தின. பிழை கணக்கை இலகுவாக்கியதா என்பதே கேள்வியானால், அந்தப் பிழை நடைமுறையில் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாமே என்றார். குழு ஆட்சேபிக்கவில்லை. அவரும் முத்துலிங்கமும் இரவு ரயிலேறிக் காலையில் வட்டகொடையில் இறங்கினார்கள். மதகைத் தாண்டிய முதல் அடியில் முத்துலிங்கம் தாம் எண்ணியதைவிடச் சற்று அப்பால் போய் நின்றார், சால்வையைச் சரிசெய்துகொண்டார். கூனிப்பாறையின் உச்சியில் வேண்டிய உயரத்தை நூல்பிடித்து அளந்து, இஸ்ஸதீன் ஒரு கல்லைக் கைவிட்டார். அது நான்கு செக்கனில் கீழே சேர்ந்தது.

"பாத்தீங்களா சேர். நாலு."

"வினாவில கோபுரம் எண்டுதான் கிடக்கு. கூனிப்பாறை எண்டு இல்லை."

அதன்பிறகு அவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். சல்லடை அறையில், ஜன்னலில்லாத சுவரோரம், பெண்கள் உட்கார்ந்து தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை இப்போது இலகுவா என்று முத்துலிங்கம் கேட்டார். பேச்சியம்மா தலைநிமிராமலே பதில் சொன்னாள். "பெட்டி லேசுதாங்க. பொழுதுதான் கனக்குது. கொழுந்தெடுக்கிறவளுக வூட்டுக்குப் போயி சோறும் ஆக்கிடுறாளுக. எங்களுக்கு இன்னும் மூணு மணி அடிக்கல. சொன்னா, கடியாரத்தப் பாருங்கிறாங்க. பாத்தா, அது எங்களவிட அசதியா நிக்குது."

முத்துலிங்கம் சுவரைப் பார்த்தார். ஊசல் வைத்த பெரிய கடிகாரம். பன்னிரண்டு மணி காட்டியது. அவருடைய கைக்கடிகாரம் இரண்டைத் தாண்டி நான்கு நிமிடம் காட்டியது. சுவர்க் கடிகாரத்தை எப்போது சரிசெய்வது என்று கேட்டார். ஈரத்தினால் பிந்துகிறது என்று ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ரயில் நேரத்துக்குத் திருப்பி வைப்பதாகத் தொழிற்சாலை எழுத்தரான கிளாக்கர் சொன்னார். முத்துலிங்கம் பென்சிலை எடுத்து, சுருட்டுப் பெட்டியின் பின்புறத்தில் வகுத்தார். சுவர்க் கடிகாரத்துக்கு ஐந்து மணித்தியாலம் கழிந்தபோது உலகத்துக்கு ஏழு மணித்தியாலமும் நான்கு நிமிடமும் கழிந்திருந்தன. ஈவு ஒன்று தசம் நான்கு ஒன்று. அவர் இன்னொருமுறை வகுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியை இஸ்ஸதீனிடம் நீட்டினார்.

"மூலம் இஞ்ச கிடக்கு," என்றார்.

ஊசலும் ஒவ்வொரு வீச்சிலும் விழும் பொருள்தான்; அது மெல்ல விழுந்ததால் கடிகாரமும் பிந்தியது. விடைத்தாளிலிருந்து மறைந்த இரண்டின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகக் காம்பு பொறுக்கும் பெண்கள் தங்கள் வேலைநேரத்தில் சுமந்திருந்தார்கள். எட்டு மணித்தியால வேலை அவர்களுக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது. கணக்கு இலகுவாகவில்லை, கடினமான பகுதி வேறு ஆட்களிடம் போயிருந்தது. முத்துலிங்கம் கிளாக்கரை அழைத்து, பழைய வேகத்தில் ஆடுவதற்காக ஊசலின் நீளத்தைச் சரிபாதியாக்கும்படி சொன்னார். அது செய்யப்படும்வரை ரயிலைத் தவறவிட்டு அங்கேயே நின்றார். புறப்படும்போது, வாசலில் காத்திருந்த நாகலெட்சுமியிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"உமக்கு எப்ப இருபத்திரண்டு முடியுது?"

"வர்ற மார்ச்சுலங்க சார்."

"ம்," என்றார்.

1957 ஜனவரி மாதக் கடைசியில் அவர் தனியாக வந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. நிறுத்திவைக்கப்பட்ட பெறுபேற்றின் முடிவைப் பரீட்சார்த்தியின்முன் வாசித்துக் கையளிக்க வேண்டும் என்ற விதி இருப்பதாகச் சொன்னார். அப்படியொரு விதியை வேறு எவரும் கேள்விப்பட்டதில்லை. மூன்று மணி அடித்து, வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வந்த பெண்களும், கொழுந்து நிறுக்க வந்தவர்களும் ஆபீஸ் வாசலில் கூடினார்கள். பழனியாண்டி கோட்டுப் போட்டிருந்தார். முத்துலிங்கம் வாசித்தார்.

"நான்காம் வினா. ஆர்முடுகலின் பெறுமானம் பிழை. விடைக்குரிய புள்ளி இல்லை. வழிக்குரிய புள்ளி முழுமையாக வழங்கப்படும். பிழை கணக்கை இலகுவாக்கவில்லை என்பதைப் பரீட்சகர்கள் நேரிற் கண்டனர். ஆதலால் பின்தொடர் புள்ளியும் முழுமையாக வழங்கப்படும். ஒரு பிழைக்கு ஒருமுறை மாத்திரமே புள்ளி குறைக்கப்படும். பரீட்சார்த்தி சித்தியடைந்தார்."

பழனியாண்டி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பேச்சியம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, கடைசிக்கு முந்தின வரிய இன்னொருக்கா படிங்க."

அவர் படித்தார். ஒரு பிழைக்கு ஒருமுறை மாத்திரமே. ராக்காயியின் மாமனார் தம் மகன் பிறந்ததைப் பதியாமல் விட்டவர்; அந்த ஒரு பிழைக்காக அவள் புருஷனின் பிரஜாவுரிமை மனு முதலில் தள்ளப்பட்டது, பிறகு அவளுடையது, பிறகு பிள்ளைகளுடையது. அங்கே நின்றவர்களில் அநேகர் வீட்டிலும் இதே கதைதான்.

"இப்புடி ஒரு சட்டம் இந்த நாட்டுல இருக்குதாங்களா?" என்றாள் ராக்காயி.

"சோதனைத் தாளுக்கு மாத்திரம்தான், அம்மா," என்றார் முத்துலிங்கம்.

அவர் பேனாவைத் திறந்து, இஸ்ஸதீனின் கையொப்பத்தின்கீழ்த் தம் கையொப்பத்தை இட்டார். அந்த முறை சிவப்பும் பச்சையும் அல்ல, இரண்டும் கறுப்பு மை. தாளை மடிக்கும்போது அது கைநழுவியது. அவர் குனியவில்லை, வேறு எவரும் குனியவில்லை. கூனிப்பாறையில் விழுகிறவை வந்து சேர நேரமாகும் என்பது அவருக்கும் பழகிவிட்டிருந்தது. அது இறங்கி வரும்வரை முழங்காலளவில் கையை நீட்டியபடி பொறுத்திருந்து, பிடித்து, நாகலெட்சுமியிடம் கொடுத்தார்.