மாப்பிள்ளையின் தோளில் இரண்டு தட்டு

1

மாண்புமிகு வாசகர்களின் மேலான கவனத்துக்கு. மனித குலத்தின் வீரம், விலங்கின் பெருந்தன்மை, இவ்விரண்டுக்கும் இடையே காலம் காலமாக நிலவிவரும் மௌன ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரே மூச்சில் விளக்கப்போகும் கதை இது. படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காரவும். செல்போனை அணைத்துவிட்டால் இன்னும் சிறப்பு.

இப்போது உண்மை. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தபோது. கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தைய பல்லில் ஆரம்பித்து வரிசையாகச் சில. மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். அந்த நிலையில் ஒரு மனிதனால் முடிந்தது கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒருவர் பேசும்போது நான் குறுக்கிடாமல் இருந்தது அன்றுதான்.

டாக்டர் ஒரு பெண்மணி, நாற்பத்தெட்டு வயது. பல்லைத் துளைத்துக்கொண்டே, சாதாரணமாக, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"போன மாசம் ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். குதிரப் போட்டி. வலிச்சா கையத் தூக்குங்க."

கையைத் தூக்கினேன். வலியினால் அல்ல, ஆச்சரியத்தினால்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றார்.

ஆகவே, கேட்க நினைத்த ஒரு கேள்வியையும் என்னால் கேட்க முடியவில்லை. கதையில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் என் வாய் திறந்திருந்தது என்று எடுத்துக்கொள்ளவும்.

2

முதல் முயற்சி: "விடியலின் பொன்னொளி பிடரியில் வழிய, அந்த இளம் புரவி தன் விதியை நோக்கி…"

(அடித்தாயிற்று. போட்டி ஆரம்பித்தது காலை பத்தரைக்கு. வானம் மூட்டம். டாக்டர் 'புரவி' என்று சொல்லவே இல்லை.)

இரண்டாம் முயற்சி: "குதிரை என்பது வெறும் விலங்கு அல்ல, அது ஒரு…"

(விலங்குதான்.)

மூன்றாம் முயற்சி: "மாப்பிள்ளைக்கு ஐந்து வயது." இது நிற்கிறது. மேலே போகலாம்.

மாப்பிள்ளைக்கு ஐந்து வயது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. பெயர் லாயத்தில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும், முகம் கோணாமல் நடத்த வேண்டும், தரையில் ஈரம் இருந்தால் கால் வைக்கமாட்டான். ஒரு குட்டை எதிர்ப்பட்டால் நின்று, யாராவது துடைத்துவிடுவார்களா என்று திரும்பிப் பார்ப்பான்.

டாக்டர் அவனை மூன்று வயதில் வாங்கினார். ஒன்றரை வருடமாகத் தானே பழக்குகிறார். முதல் போட்டி இது. ஆரம்பநிலைக்காரர்களுக்கானது. தடைகள் இடுப்புயரத்துக்கும் கீழே. ஒரே நாளில் மூன்று பரீட்சை: மணல் மைதானத்தில் ஒழுங்கு நடை; பிறகு வண்ணக் கம்புகளைத் தாண்டுவது; கடைசியாகப் புல்வெளியில் மேடு பள்ளம் கடந்து, மரத்தடிகளைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கி ஏறி ஓடுவது.

அந்தக் கடைசிப் பரீட்சையில்தான், வேறொரு கிழக் குதிரையோடு, இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் தண்ணீரில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது கருவி ஒரு கணம் நின்றது. என் மூச்சும்.

3

பயிற்சியாளரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வரைவில் மீசை வைத்தேன், வில்லனாகிவிட்டார். மீசையை எடுத்தேன், அப்போதும் சரியாக வரவில்லை. அந்த மனிதர் பேசியது முழுக்க நியாயம். கதைக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு இல்லை.

குதிரையை வண்டியிலிருந்து இறக்கியதும் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"அப்படி ஆரம்பிச்சாலே கோவிச்சுக்கற விஷயமாத்தான் இருக்கும். சொல்லுங்க."

"நீங்க பயப்படறீங்க. உங்களுக்கே தெரியும். வயசான குதிர அத மன்னிச்சுடும். சின்னது அதையே கத்துக்கும். இன்னிக்கு மூணும் விழாம முடிச்சீங்கன்னா நான் இனிமே வாயத் திறக்கமாட்டேன். நீங்களே பழக்கிக்குங்க. இல்லன்னா நாளைலேந்து என் பொண்ணு ஏறட்டும். நீங்க சாயங்காலம் வந்து கேரட் குடுத்துட்டுப் போங்க."

டாக்டர் சேணத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். மறுக்க ஒன்றும் இல்லை. பயிற்சியாளரின் மகளுக்குப் பத்தொன்பது வயது, எலும்பு என்று ஒன்று உடம்பில் இருப்பதே தெரியாதவள். கெட்டுப்போன இளங்குதிரையைத் திருத்த மூன்று மடங்கு காலம் ஆகும் என்பதும் டாக்டருக்குத் தெரியும்.

"சரி," என்றார்.

"பல் டாக்டர்கிட்ட வந்து வாயத் திறக்கமாட்டேங்கறார் பாரு," என்றார் அக்கா.

அக்கா என்பவர் டாக்டரின் கூடப்பிறந்தவர். கிளினிக்கில் டோக்கன் கொடுத்து ஆளைக் கூப்பிடுவதும் அவர்தான், போட்டியில் தண்ணீர் வாளி தூக்குவதும் அவர்தான். குதிரையை அவர் ஒருபோதும் தொட்டதில்லை. "மாப்பிள்ளைய தூரத்துலேந்து பாத்தாதான் மரியாத," என்பார்.

*அடிக்குறிப்பு போன்ற ஒன்று. டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை பாதியில் இருக்கும்போது நாற்காலியில் கிடப்பவர் நெளிந்தால் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு," என்பார். முடிந்திருக்காது. கிடப்பவருக்கும் அது தெரியும். இருபது வருடத்தில் ஒருவர்கூட அதை நம்பி எழுந்து போனதில்லை. லாயத்திலும் அதே கைதான். தினமும் பயிற்சி முடிந்ததும் மாப்பிள்ளையின் தோளில் இரண்டு தட்டு, கடிவாளத்தைத் தளர்த்துவது, இறங்குவது, பையிலிருந்து கேரட். அங்கே மட்டும் உண்மையாகவே முடிந்திருக்கும். இந்தக் குறிப்பைக் கதையின் கடைசியில் வைத்து உங்களை அசத்தலாம் என்று நினைத்தேன். பிறகு, வாசகரை அசத்துவது சின்னத்தனம் என்று பட்டது. தவிர, மறந்துவிடுவேன்.*

4

ஒழுங்கு நடையில் ஏறியிருப்பவர் வாயே திறக்கக் கூடாது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை, ஆரம்பநிலையில் மட்டும், வெளியிலிருந்து ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்கலாம். அக்கா படித்தார். கிளினிக் குரலில்.

"உள்ள வரணும். நடுவுல நிக்கணும். வணக்கம்."

மாப்பிள்ளை நடுவில் நின்றான். நாலு காலும் சதுரமாக, சிலைபோல. ஒன்றரை வருடத்தில் அவன் இப்படி நின்றதே இல்லை. டாக்டர் ஒரு கையில் கடிவாளத்தை வைத்து, மறு கையைத் தொங்கவிட்டு, தலை குனிந்து வணங்கினார். அந்தச் சும்மா இருந்த கை, போகிற போக்கில், அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது.

மாப்பிள்ளை கடையைக் கட்டினான். கழுத்து இறங்கியது, பின்னங்கால் ஒன்று மடங்கியது, ஒரு பெருமூச்சு.

"அடுத்தது," என்றார் அக்கா.

அசையவில்லை.

"அடுத்தது. வந்திருக்காங்களா?"

பதினோரு வினாடி கழித்து, விலாவில் குதிகால் மூன்று முறை பட்ட பிறகு, நடந்தான். நடுவரின் தாளில் எழுதியிருந்தது: "நிறுத்தம் மிக நன்று. புறப்பாடு?" ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

"எவ்வளவு அமைதியா நின்னான் பாத்தியா," என்றார் டாக்டர்.

(உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கு மட்டும் அடிக்குறிப்பு இருந்தது, ஆகவே பெருமைப்பட வேண்டாம்.)

வண்ணக் கம்புகள் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு கையும் கடிவாளத்தில் இருந்ததால் தட்ட வழியில்லை. ஒரு கம்பு விழுந்தது.

5

புல்வெளியில் பதினாலு தடை. பன்னிரண்டாவது தண்ணீர்.

இங்கே ஒரு பெரிய வருணனை எழுதிவைத்திருந்தேன். காற்று, குளம்பொலி, மரணத்தை நேருக்கு நேர் பார்க்கும்… வேண்டாம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பதினோராவது தடை தாண்டியதும் வாய் வறண்டது. தண்ணீர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது தோள் மட்டும் தானாக வலித்தது. மேட்டில் ஏறினார்கள். தெரிந்தது. பழுப்புத் தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இல்லை, வெயில் இல்லாததால் தகரம்போலக் கிடந்தது.

'நிப்பான். நின்னா விழுவேன். நாளைலேந்து கேரட்.'

மாப்பிள்ளை காதை முன்னால் நீட்டினான். வேகம் குறைந்தது. குட்டைக்கே திரும்பிப் பார்ப்பவன், குளத்தைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, இறங்கிவிட்டான். தொப் தொப் என்று நாலு அடி, முகத்தில் சேறு, அடுத்த கரையில் ஏற்றம், புல்.

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. மிச்சம் இரண்டே தடை. எதிரில் பதின்மூன்றாவது, தரையில் கிடக்கும் ஒரு மரத்தடி, தூங்கிக்கொண்டே தாண்டலாம். சந்தோஷம் தாங்காமல் வலது கை கடிவாளத்தை விட்டது.

இரண்டு தட்டு.

மாப்பிள்ளை நின்றான்.

ஓடிக்கொண்டிருந்தவன், நாலு காலையும் ஊன்றி, அப்படியே. டாக்டர் நிற்கவில்லை. சேணத்திலிருந்து கிளம்பி, கழுத்தின் மேல் வந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, இரண்டு கையாலும் அவன் கழுத்தை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஒரு கால் எங்கேயோ அவன் தோளுக்கு மேலே. இன்னொரு கால் தரைக்கு ஒரு சாண் உயரத்தில்.

கன்னம் அவன் கழுத்தில் ஒட்டியிருந்தது. சூடாக, ஈரமாக. அவன் பயப்படவில்லை. முரண்டு பிடிக்கவில்லை. மூக்கை நீட்டி அவருடைய சட்டைப் பையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது.

(இந்த இடத்தை நான் ஐந்து தடவை எழுதிவிட்டேன். இடி விழுந்ததுபோல, மின்னல் வெட்டியதுபோல, எல்லாம் போட்டுப் பார்த்தேன். டாக்டர் என் வாய்க்கு மேலே கருவியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னதையே தருகிறேன்.)

"நம்பிருக்கான் சார். அந்தத் தட்ட இத்தன வருஷத்துல ஒரு ஆள் நம்பினதில்ல. இவன் நம்பிருக்கான்."

6

தடைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு தடைக் கண்காணிப்பாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராம். தாளோடு எழுந்து வந்தார்.

"மேடம், விழுந்துட்டீங்களா?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"கால் தரையில படல. பட்டா விழுந்ததா எழுதி உங்கள வெளிய அனுப்பிடுவேன். படாத வரைக்கும் எழுத முடியாது."

"எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதப் பத்தி ஒண்ணும் போடல," என்று பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

வேலிக்கு அப்பால் பயிற்சியாளர் ஓடிவருகிறார். அவருக்குப் பின்னால், வாளியோடு, அக்கா. டாக்டரின் கை வழுக்குகிறது. மாப்பிள்ளையின் மூக்கு பையை…

"கொப்புளிங்க," என்றார் டாக்டர்.

கொப்புளித்தேன். திரும்பவும் சாய்ந்தேன். அவர் பஞ்சை வைத்தார், கதையை விட்டுவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ஆ… ஊ… உதிர?" என்று கேட்டேன். குதிரை யாரிடம் இருக்கிறது என்று பொருள். "ஆமா, ரெண்டு மணி நேரம் மரப்பு இருக்கும்," என்றார்.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. உதவிக்குச் சில:

அ. மாப்பிள்ளை கேரட்டுக்காகக் கழுத்தை உயர்த்த, டாக்டர் சறுக்கிச் சேணத்திலேயே போய் விழுகிறார். மிச்சத் தடைகளையும் தாண்டுகிறார். (வசதியானது. வசதியான முடிவுகளை நான் பிறர் கதைகளில் கிண்டல் செய்திருக்கிறேன்.)

ஆ. கால் தரையில் படுகிறது. வாத்தியார் எழுதுகிறார். மறுநாளிலிருந்து பயிற்சியாளரின் மகள். டாக்டர் தினமும் சாயங்காலம்… (இதை என்னால் முடிக்க முடியவில்லை. மரத்துப்போன வாயால்கூட.)

இ. காலைத் தரையில் வைப்பதா வேண்டாமா என்பதை டாக்டரே முடிவு செய்கிறார். பயந்த கையைவிடப் பொய் சொல்லும் கை மோசம் என்று அவருக்குப் பட்டிருந்தால், பிடியை அவரே விட்டிருப்பார்.

மூன்றாவதை எழுதியதும் நான் உயர்ந்த எழுத்தாளன் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு நாற்காலியில் லேசாக நெளிந்தேன் போலிருக்கிறது.

டாக்டர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். "அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு."

எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டினேன். டோக்கன் மேஜையிலிருந்து அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"முஇஞ்சுச்சுன்னு ஒன்னாங்க."

"அட, அத நம்பிட்டீங்களா? குதிரகிட்டதான் அவ அத விட்டுட்டா. தினம் ஏறி இறங்கறா, ஒரு தட்டு கிடையாது. ஆளுங்ககிட்ட இன்னும் விடல. உள்ள போங்க."

இன்னும் இரண்டு பல் பாக்கி இருந்தது.