விட்டுவிட்டுப் போன கோடு

அந்த வீட்டு ஹாலின் நடுவே சுவர் முளைத்த கதை தெருவுக்கே தெரியும். செருப்பு ஸ்டாண்டை யார் நகர்த்தினார்கள் என்கிற தலைபோகிற விவகாரத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள். ஹாலை மட்டும் இருவரும் விடவில்லை. குறுக்கே செங்கல் வைத்துக் கழுத்து உயரத்துக்கு எழுப்பினார்கள். அதற்கு மேல் கோபமும் செங்கல்லும் ஒன்றாகத் தீர்ந்துபோயின. பிரித்த லட்சணத்தில் சுவிட்ச் போர்டு முழுவதும் அண்ணன் பக்கம் போய்விட்டது. தம்பி தலைக்கு மேலிருந்த ஃபேன் சுற்ற வேண்டுமானால் அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கம் அண்ணன் சுவிட்சைப் போடுவார். மூஞ்சியில் முழிக்காத பகைதான், ஆனால் காற்றுக்குக் குறைவில்லை.

தம்பிக்குக் கட்டட வரைபட ஆபீசில் வேலை. ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிறவர். தன் வீட்டுச் சுவரை மட்டும் அவருக்குப் பார்க்கவே பிடிக்காது. அண்ணன் அந்தப் பக்கம் இருமினால் இவர் இந்தப் பக்கம் தண்ணீர் குடிப்பார். அப்படிப்பட்ட ஏக்கம்.

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணிதான் சுவர் மேல் முகவாயை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "கொழுந்தனாரே, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா இந்தச் சுவரையா காட்டுறது? இடிச்சிடலாம்னு உங்க அண்ணனே சொல்லிட்டாரு. மத்ததை நீங்க பாத்துக்குங்க."

கடப்பாரையோடு ஓர் ஆளைக் கூப்பிட்டால் முடிகிற வேலை. ஆனால் வரைகிறவன் கையில் கொடுத்தால் வரைந்துதான் தீருவான். தம்பி, வீடு முழுவதையும் வரைந்தார். இருக்கப்போகும் சுவருக்கு முழுக்கோடு, இடிக்கப்போகும் சுவருக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. அது தொழில் வழக்கம். நடுச்சுவரைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டின் துண்டுகள் எறும்புச் சாரை மாதிரி இடைவெளி விட்டுப் போயின. பூரித்துப்போய் அச்சடித்தார். தாளைப் பார்க்காமலே மடித்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

துண்டு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு என்று சொல்ல அந்தக் கோட்டுக்கென்று ஒரு ஸ்கேல் உண்டு. அதை மாற்ற மறந்திருந்தார் மனுஷர். முழு வீடும் ஒரு தாளுக்குள் சுருங்கியபோது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாளில் விழுந்தது முழுக்கோடு.

மேஸ்திரியோ கோடு போட்டால் ரோடே போடுகிறவர். தாளைப் பார்த்தார், சுவர் முழுசாக இருந்தது. ஹாலைப் பார்த்தார், சுவர் கழுத்தோடு நின்றது. "அரைகுறையா விட்டிருக்காங்கப்பா" என்று ஆட்களை ஏவினார். அண்ணி ஜவுளி எடுக்கப் போயிருந்தாள். தம்பி மனைவி வீட்டில்தான் இருந்தாள். இவருக்கு மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வாயைத் திறக்காமல் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரை தூக்கல் என்று கேள்வி.

சாயங்காலம் அண்ணன் வந்து பார்க்கிறார், சுவர் கூரையைத் தொட்டு, பூச்சும் பூசி, பளபளவென்று நிற்கிறது.

வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு தம்பி பக்கம் வந்தார். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு இது: "சேரலாம்டான்னு சொல்லி அனுப்பினா, கூரை வரைக்கும் கட்டி வச்சிருக்கியே! நல்லா இருப்பியாடா?"

"அண்ணா, சத்தியமா நான் இடிக்கத்தான் போட்டேன். ஸ்கேல் தப்பிடுச்சு."

"ஸ்கேலா? இத்தனை பெரிய சுவரு ஒரு ஸ்கேலால வந்துச்சா?"

தம்பி ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தார். "இதோ பாருங்க, கிட்ட போனா இடைவெளி தெரியுது. தள்ளி வந்தா ஒரே கோடாத் தெரியுது."

"கிட்ட ஒண்ணு, எட்ட ஒண்ணு. உன்னைப் போலவேதான் இருக்கு."

"இருங்கண்ணா, இப்போ சரி பண்றேன்." பதற்றத்தில் ஸ்கேல் எண்ணை ஆயிரமாக்கினார். ஒரு துண்டே சுவரைவிட நீளமாகிவிட்டது. மறுபடியும் முழுக்கோடு.

"இன்னமும் கட்டிக்கிட்டேதானே இருக்கே! கல்யாணத்துக்கு உன் வீட்டுலேர்ந்து யாரும் வர வேண்டாம்." அண்ணன் போய்விட்டார்.

தம்பி புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டலாமென்றால் எந்த முகத்தோடு தட்டுவது? முகமிருந்தாலும் ஈரப் பூச்சு, தட்டினால் கைதான் ஒட்டும்.

"ஃபேன் போடச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"நீ போட்ட டீயைக் குடிச்சவங்களைக் கேளு."

அப்போது, தட்டாமலே ஃபேன் சுற்றியது. தம்பி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை இழுத்தார். இந்தத் தடவை ஸ்கேலை ஐம்பதாக வைத்தார். அச்சடித்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக, இடைவெளி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு வாய் வலிக்கத் திட்டினார். "இந்தக் கோட்டை நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் சுவரு. இதுல என்ன இருக்கோ அதைத்தான் செய்யணும். சொந்த மூளையைப் போடாதீங்க!"

போடவில்லை. தம்பி ஆபீசிலிருந்து திரும்பியபோது சுவர் ஒரு துண்டு நின்றது, ஒரு துண்டு இல்லை. மறுபடி ஒன்று நின்றது, மறுபடி ஒன்று இல்லை. தரையிலிருந்து கூரை வரை, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அப்படியே.

மேஸ்திரி வியர்வையைத் துடைத்தபடி பெருமையாக நின்றார். "அளவு தாளில இருக்கிற மாதிரியே விட்டு விட்டு இடிச்சிருக்கேன் சார். ஸ்கேல் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

 ஓர் இடைவெளியில் அண்ணன் முகம் தெரிந்தது. அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்துதான் நிறுத்தினார்.

"நீ இடிக்கத்தான்டா போட்டிருக்கே. எனக்குத்தான் படிக்கத் தெரியலை."

"மிச்சத்தையும் இடிச்சிடச் சொல்லட்டுமாண்ணா?"

"வேணாம், இன்னொரு பிளான் போட்டுடாதே! கையை இப்படி நீட்டு. சுவிட்ச் எட்டுதா பாரு."

எட்டியது.

சம்பந்தி வீட்டார் வந்து, "தூண் வச்ச ஹாலு, நல்ல டிசைன்" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி இப்போது அடுத்த தெருவில் ஒரு மாமியார் மருமகள் வீட்டில் அதே டிசைனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே இடைவெளி மட்டும் கொஞ்சம் சின்னதாக வேண்டுமாம்.