யாரும் எதிர்க்காத திட்டம்

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சித்தார்த்தை, அங்கே மாற்றம் கொண்டுவரப் பழக்கும் பொறுப்பு பெலிண்டாவுடையது.

"மீட்டிங்ல எதையும் புதுசா சொல்லாதீங்க. முன்னாடியே ஒவ்வொருத்தரையா டீக்குக் கூட்டிட்டுப் போய்ச் சம்மதம் வாங்கிடுங்க" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

வெல்டிங் ஷெட்டில் புகை மண்டிக்கிடந்தது. புகையை வெளியேற்றப் பெரிய விசிறிகள் வேண்டும், வாரம் ஒருமுறை வேலையை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும், நல்ல முகமூடி வேண்டும் என்று சித்தார்த் எழுதியிருந்தான். மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே, வேலை நிற்கக் கூடாது என்றார். சித்தார்த் அந்த வரியை அடித்தான். அக்கவுண்ட்ஸ்காரருக்காக விசிறியும் போனது. "இந்த வெக்கையில முகமூடியா தம்பி?" என்று யூனியன்காரர் சிரித்தார்.

மீட்டிங்கில் கைதட்டலோடு நிறைவேறியது ஒரே ஒரு போர்டு: 'புகை. கவனம் தேவை.'

"மேடம், நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தர்கூட எதிர்க்கல!" சித்தார்த்தின் முகம் மலர்ந்திருந்தது. ஷெட்டுக்குள் யாரோ இருமிக்கொண்டே இருந்தார். பெலிண்டா ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் புதுசா சேர்றவங்களை நான்தான் பழக்கணுமாம் மேடம். நீங்க சொன்னதையேதான் சொல்லிக்கொடுக்கப்போறேன்."