ஆறு கதவும் ஒரு கம்பியும்

அன்று செம்பூர் குடியிருப்பின் கூட்ட அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: செயலாளர் சங்கரன், அவர் மனைவி விசாலாக்ஷி, பேட்டரி கம்பெனி மேலாளர் ஜோஷுவா, அந்த பேட்டரிப் பெட்டிகளை வடிவமைத்த ஜெனிஃபர், அவளுடைய அப்பா சிங்கராயர். ஆறாவதாக இருக்க வேண்டிய சர்வீஸ்காரன் நகுல், வெந்த வலது கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சிங்கராயரை யாரும் கூப்பிடவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தாராவியிலிருந்து அவராகவே வந்தார். ரயில்வேயில் முப்பத்தேழு வருஷம் ஒரு மெமோ வாங்காத மனுஷர். மகளைக் குற்றவாளியாக்கி ஜோஷுவாவும் சங்கரனும் ஒரு கடிதம் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் ரத்தம் கொதித்தது.

கடிதம் சின்னதுதான். பெட்டிக் கதவைத் திறந்தும் மின்சாரம் நிற்காததற்கு வடிவமைப்புக் கோளாறே காரணம். கீழே ஜெனிஃபர் கையெழுத்துக்கு இடம்.

நடந்தது வேறு. கீழ்த்தளத்தில் ஆறு பெட்டிகள், எண்ணூறு வோல்ட். எந்தக் கதவைத் திறந்தாலும் பாதுகாப்பு சுவிட்ச் ஆறையும் நிறுத்திவிடும், அந்தக் கரண்டில் ஓடும் லிஃப்டும் நின்றுவிடும். போன வருஷம் தசராவில் ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குள் சந்தனம், குங்குமம் வைக்கக் கதவைத் திறந்தபோது சங்கரனின் மாமியார் முக்கால் மணி நேரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இந்த வருஷம் சங்கரன் வெளியாள் ஒருவனை வைத்து சுவிட்சின் இரண்டு முனைகளையும் செப்புக் கம்பியால் இணைத்துவிட்டார். பூஜை குறைவில்லாமல் நடந்தது. கம்பியை எடுக்க மறந்தார்கள். பூஜை முடிந்து பத்தாம் நாள் சர்வீஸுக்கு வந்த நகுல், கதவு திறந்தால் கரண்ட் இருக்காது என்று நம்பி ஸ்பானரை உள்ளே விட்டான்.

“பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, சார். பூஜையைப் போய் குத்தம் சொல்லலாமா?” என்றார் சங்கரன்.

“சாமியவா குத்தம் சொன்னேன்? உம்ம குங்குமத்துல கரண்ட் வரல. நீரு கட்டுன கம்பியில வந்துது,” என்றார் சிங்கராயர்.

விசாலாக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். இது வெறும் ஃபார்மாலிட்டி என்று ஜோஷுவா இந்தியில் இழுத்தான். தன் வீட்டுப் பெயர் ஃபார்மாலிட்டி இல்லை என்று சிங்கராயர் அதே இந்தியில் வெட்டிச் சொன்னார்.

ஜெனிஃபர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். அப்பாவுக்காகத் தமிழில் சொன்னாள்.

“சுவிட்ச் பழுதாகல, கம்பி போட்டுக் கட்டியிருக்கு. போட்டோ இருக்கு. ஆனா ஒரு கதவுக்கு ஆறு பெட்டியும் நிக்கிற மாதிரி வரைஞ்சது நான். திறந்த பெட்டி மட்டும் நின்னிருந்தா யாரும் கம்பியைத் தேடியிருக்க மாட்டாங்க. கம்பி போட்டாக் கண்டுபிடிக்கவும் வழி வைக்கல. அது என் தப்பு.”

சிங்கராயருக்குக் கோபம் இப்போது மகள்மேல் ஏறியது. “ஏட்டி, அவனுவ கயித்தோட நிக்கானுவ. நீயே கழுத்தை நீட்டுத.”

“என் பங்குக்குத்தாம்ப்பா. அவங்க பங்கை நான் சுமக்கல.”

அவர் மேஜைமேல் கிடந்த கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“தேதி போடு,” என்றார் கடைசியில். “நமக்கு ஒரு காப்பி எடுத்துக்க.”

சிங்கராயர் மகள் கம்பெனிக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று தாராவியில் ஒரு பேச்சு. பொய். அவள் மன்னிப்புக் கேட்டது நகுலிடம் மட்டும், அவன் கட்டிலருகே நின்று. அவள் வேலை போய்விட்டது.